அருவியைத் தொடக்கூடாத அறை

இதைப் படிப்பவர்கள் முதலில் என் எழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதன்பிறகு முப்பது வருடமாகக் குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கிற வேலை. பேனா என் விரலில் நிற்காமல் வழுக்கும். கை பட்ட இடத்தில் தாள் மை பிடிக்காது, எழுத்து பாதியில் காணாமல் போகும். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதும் எனக்கு எப்போதும் சந்தேகம்தான். அச்சில் போடுகிறவர்கள் அதையெல்லாம் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் திருத்த ஒன்றும் இல்லை. பார்த்ததை மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.

1993 மார்ச்சில் லண்டனுக்குப் போனேன். போனது ஒரு கைக்காக.

அது என் தங்கை செண்பகத்தின் வீட்டுக்காரர் மணியின் வலது கை. அவர் மலேசியாவில் ஈப்போவில் பிறந்தவர். படிக்க லண்டன் போய் அங்கேயே தங்கிவிட்டார். ஒரு பெரிய மியூசியத்தில் உத்தியோகம். பழைய படங்களை, அதாவது தாளில் அச்சடித்த ஓவியங்களை, பெட்டி பெட்டியாக வைத்திருக்கும் அறை ஒன்று அங்கே உண்டு. யாராவது வந்து கேட்டால் பெட்டியை எடுத்துவந்து மேசைமேல் வைத்து, ஒவ்வொரு படமாகத் திருப்பிக் காட்டுவது மாப்பிள்ளையின் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதைச் செய்தவர் அந்த ஜனவரியில் வாசல் பனியில் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டைப் பிரித்தபிறகு வேலைக்குப் போன முதல் நாளே கை நடுங்கிப் பெட்டி கீழே விழுந்துவிட்டது. படங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த அறைக்குத் தலைவியான அம்மாள், இன்னும் சில வாரம் ஓய்வெடுத்துவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை வந்து செய்து காட்டுங்கள் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கும் கை நடுங்கினால், வருகிறவர்களின் கோட்டையும் குடையையும் வாங்கி மாட்டுகிற இடத்துக்கு மாற்றிவிடுவார்களாம்.

செண்பகம் போனில் அழுதாள். "அண்ணே, கோட்டு மாட்டச் சொன்னா இவுக மனசொடிஞ்சு போயிருவாக. ஆஸ்பத்திரில ரப்பர் பந்தக் குடுத்து அமுக்கச் சொல்லுதாக. இவுக அதத் தொடவே மாட்டேங்காக. நீ வா."

போனேன்.

விமான நிலையத்தில் என் பையைத் திறந்த அதிகாரி மூக்கைச் சுளித்தார். கொண்டுபோன இரண்டு பாட்டில் மூலிகை எண்ணெயில் ஒன்று உடைந்து நாலு வேட்டியும் அதைக் குடித்திருந்தன. அவர் எதையோ கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலம், சீசனில் வரும் வடநாட்டுக்காரர்களிடம் சொல்லும் ஸிட், டர்ன், ஃபினிஷ் என்ற மூன்று சொல்தான். வாயால் பேச எனக்குச் சிறுவயது முதலே கூச்சம். ஆனால் கையால் பேசக் கூச்சமில்லை. அவர் கையை நீட்டச் சொல்லிச் சைகை காட்டினேன். நீட்டினார். கட்டைவிரலின் அடியில் ஒரு அழுத்து அழுத்தி, ஐந்து விரலுக்கும் சொடக்கு எடுத்துவிட்டு, "ஃபினிஷ்" என்றேன். அவர் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். பையை மூடிக் கொடுத்துவிட்டார்.

லண்டனில் தங்கை குடியிருந்த பகுதிக்கு ஹரோ என்று பெயர். அங்கே வீடுகள் இரண்டிரண்டாக ஒட்டி நிற்கின்றன. எல்லாம் ஒரே முகம். செண்பகத்தின் வீட்டை அடையாளம் வைக்க வாசல் கதவின் பச்சை நிறத்தைப் பார்த்துக்கொண்டேன். மறுநாள் பார்த்தால் அந்தத் தெருவில் ஏழு பச்சைக் கதவு.

முதல் நாள் காலை அவள் இட்லி வைத்தாள். குளிரில் மாவு பொங்காது என்று, வெந்நீர் பாய்லர் இருக்கும் அலமாரிக்குள் துண்டுகளோடு துண்டாக மாவுப் பாத்திரத்தையும் வைத்திருந்தாள். துண்டில் எல்லாம் புளித்த வாசனை, ஆனால் இட்லி பூப்போல இருந்தது. மாப்பிள்ளை இட்லி சாப்பிடவில்லை. ரொட்டியில் மத்தி மீன் சம்பலைத் தடவி, இடது கையால் சாப்பிட்டார். வலது கை மடியில் கிடந்தது, வேறு யாருடைய கையோ போல.

சாப்பிட்டு முடித்ததும் அந்தக் கையை வாங்கிப் பார்த்தேன். மூன்று நிமிடம் போதும் எனக்கு. எலும்பு சுத்தமாகக் கூடியிருந்தது. நரம்பும் சரி. பயம் மட்டும் மணிக்கட்டில் உட்கார்ந்துகொண்டிருந்தது.

"சரியாகிருமா மச்சான்?" என்று கேட்டார்.

"ஆகும்" என்றேன். வேறு விஷயத்தில் இப்படிச் சொல்ல எனக்குத் துணிச்சல் வராது. இதில் வரும்.

எங்கள் தொழிலில் எண்ணெய் பாதி வேலைதான் செய்யும். மீதி வேலை தண்ணீருடையது. உயரத்திலிருந்து தண்ணீர் அடிக்கும்போது உடம்பு முதலில் இறுகும். பிறகு வேறு வழியில்லாமல் தன்னை விட்டுக்கொடுக்கும். அந்த விடுதல்தான் மருந்து. குற்றாலத்தில் தேய்த்து முடித்து ஆளை அருவிக்குள் தள்ளிவிட்டால் போதும். ஹரோவில் அருவிக்கு எங்கே போவேன்? குளியலறையில் தலைக்குமேல் ஒரு பூவாளி இருந்தது. அதில் தண்ணீர் விழவில்லை, அழுதது. ஆகவே மூன்றாம் நாள், மாப்பிள்ளையைத் தொட்டிக்குள் உட்கார வைத்து, கையை நீட்டச் சொல்லி, நான் ஒரு முக்காலிமேல் ஏறி நின்று வாளி வாளியாக வெந்நீரை அந்த மணிக்கட்டில் ஊற்றினேன். ஏழாவது வாளியிலேயே விரல்கள் விரிந்தன. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. குளிக்கிற அறையிலும் கம்பளம் விரிக்கிற ஊர் அது என்பதை நான் கவனிக்கவில்லை.

கீழேயிருந்து செண்பகம் கத்தினாள். "ஏ அண்ணே! அடுப்படில மழ பெய்யுது! மேல என்னத்தப் பண்ணுத?"

மாப்பிள்ளை தொட்டிக்குள்ளிருந்து பதில் சொன்னார். "செண்பா, குடை எடுத்துக்க லா! மச்சான் குற்றாலத்தை ஹரோவுக்குக் கொண்டாந்துட்டாரு!"

மலேசியாக்காரர்கள் பேச்சில் ஒட்டவைக்கும் அந்த ‘லா’வோடு சொல்லிவிட்டுச் சிரித்தார். கீழே கரண்டிச் சத்தம் நின்றது. இரண்டு மாதத்துக்குப் பிறகு அவர் சிரிக்கிறார் என்று அவள் பிறகு சொன்னாள். கம்பளம் காய நாலு நாள் ஆயிற்று. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று மத்தியானம் அவராகவே ஒரு பெரிய புத்தகத்தை எடுத்துவந்தார். ஜப்பான் தேசத்தில் மரப்பலகையில் செதுக்கி அச்சடித்த படங்கள். எல்லாம் அருவிகள். அசல் படங்கள் அவருடைய அறையில் ஒரு பெட்டியில் இருப்பதாகச் சொன்னார். கீழே விழுந்தது அந்தப் பெட்டிதான்.

நான் அருவிக்குக் கீழேயே வாழ்பவன். ஆனாலும் அப்படி ஒரு தண்ணீரைப் பார்த்ததில்லை. ஒரு படத்தில் தண்ணீர் ஆலமரத்து வேரைப்போலக் கிளை பிரிந்து பாறையைப் பிடித்துக்கொண்டு இறங்கியது. இன்னொன்றில் மேலே ஒரு வட்டக் குழியில் சுழன்று தேங்கி, பிறகு நேர்கோடாக விழுந்தது. அந்த வட்டம் புத்தர் தலைக்குப் பின்னால் இருக்கும் ஒளி என்று சொல்வார்களாம். "எங்க ஊர்லயும் இருக்கு மாப்பிள்ளை. பொங்குமாங்கடல்னு பேரு. மேலேருந்து விழுற தண்ணி பாதியில ஒரு பள்ளத்துல பொங்கிட்டுத்தான் கீழ வரும். இல்லன்னா அடிக்கிற அடியில ஒருத்தன் நிக்க முடியாது" என்றேன். அவ்வளவு நீளமாக நான் அந்த வீட்டில் பேசியது அதுதான் முதல்முறை.

"அங்க சில அருவிக்குக் கோயிலே கிடையாது மச்சான். அருவிதான் சாமி. குறுக்க ஒரு கயிறு கட்டியிருப்பாங்க, அவ்வளவுதான். குளிர்காலத்துல வெள்ளைத்துணி கட்டிக்கிட்டுப் போயி அடியில நின்னு ஜெபம் பண்ணுவாங்க. மலைக்கு யாத்திரை போறவங்க அருவியில நனைஞ்சு சுத்தமாகித்தான் ஏறணும்."

"பின்னே? ஏறுறதுக்கு முந்தி குளிக்க வேண்டாமா?"

அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். "இருபத்திரண்டு வருசமா திருப்பிக் காட்டறேன். பார்க்க வர்றவங்க எல்லாரும் மனசு சுத்தமாகறதைப் பத்தி மணிக்கணக்காப் பேசுவாங்க. நான் ஒரு அருவிக்குக் கீழ நின்னதே இல்ல. ஈப்போ பக்கத்துல இருந்துச்சு. ஒத்தப் பிள்ளைன்னு அம்மா விட மாட்டாங்க."

பிறகு அவர் சொன்னதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அந்தப் படங்களை யந்திரத்தில் அடிக்கவில்லையாம். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பலகை. பலகையில் சாயத்தைத் தடவி, தாளை விரித்து, தாளின் முதுகில் ஒரு வட்டமான திண்டை வைத்துக் கையால் தேய்ப்பார்களாம். மூங்கில் மட்டையில் சுற்றிய திண்டு. இழுபடாமல் ஓடுவதற்கு அதில் கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொள்வார்களாம். அழுத்தம் கூடினாலும் கெட்டது, குறைந்தாலும் கெட்டது. படம் வரைந்தவர் பெயர் உலகத்துக்கே தெரிகிறது, தேய்த்தவன் பெயரைக் கேட்டால் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தெரியாது என்றார். அது எந்த ஊரிலும் அப்படித்தான்.

எனக்கு வழி கிடைத்துவிட்டது. மறுநாள் முதல் ரப்பர் பந்தை ஒதுக்கிவிட்டோம். ஒரு சின்னக் கிண்ண மூடியில் துணியைச் சுற்றி அவர் வலது கையில் கொடுத்தேன். மேசைமேல் பழைய பேப்பரை விரித்து அதன் முதுகில் வட்டம் வட்டமாகத் தேய்க்கச் சொன்னேன். காலையில் நான் அவர் கையைத் தேய்ப்பேன். பிறகு அவர் பேப்பரைத் தேய்ப்பார். பந்து என்றால் நோயாளியின் வேலை. இது தொழிலாளியின் வேலை. அதனால் செய்தார்.

படம் திருப்பிப் பழகுவதற்குப் பழைய சாமி காலண்டர்களின் அட்டைகளைச் செண்பகம் கொடுத்தாள். இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்து, மடங்காமல் தூக்கி, இடப்பக்கம் கவிழ்க்க வேண்டும். பிள்ளையார், முருகன், லட்சுமி என்று ஒவ்வொருவராக என் முன்னால் வந்தார்கள். சாமி படம் முன்னால் வந்தால் விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது பிறந்தது முதல் என் கைக்கு இருக்கும் பழக்கம். நான் செய்வதில்லை, கையே செய்துவிடும்.

"தொடாதீங்க மச்சான்" என்று அவர் லட்சுமியை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். நான் மூன்று நாளாகத் தொட்ட இடத்தில் அட்டை கண்ணாடிபோல ஆகியிருந்தது. "பாத்தீங்களா? இந்த எண்ணெய்க் கறை நூறு வருசம் ஆனாலும் போகாது. மஞ்சளாகிட்டே போகும். வீட்ல தொட்டா லட்சுமி மன்னிச்சுருவா. அங்க தொட்டீங்கன்னா என் கதை முடிஞ்சுது லா."

"தொட மாட்டேன்" என்றேன்.

இரண்டாம் வாரம் எண்ணெய் தீர்ந்தது. நாலு ஸ்டேஷன் தள்ளி ஒரு தமிழ்க் கடை உண்டு, அங்கே நல்லெண்ணெய் வாங்கிக் காய்ச்சிக்கொள்ளலாம் என்றாள் தங்கை. தனியாகவே போய் வாங்கிவிட்டேன். திரும்பும்போது எல்லோரும் ஏறுகிறார்களே என்று வந்து நின்ற ரயிலில் நானும் ஏறினேன். அது எந்த ஸ்டேஷனிலும் நிற்காமல் பறந்தது. ஹரோ என்ற பலகை ஜன்னலில் வந்த வேகத்தில் போயிற்று. நான் எழுந்து கதவருகே ஓடினேன்.

"அண்ணை, இருங்கோ! இப்ப இறங்கேலாது" என்று ஒரு குரல். செக்யூரிட்டி உடுப்பில் ஒருவர், ஷிப்ட் முடிந்து வருகிறவர். "இது ஃபாஸ்ட் ட்ரெயின். இனி வயல்வெளியிலதான் நிப்பாட்டுவான். இந்தியாவோ?"

"ஆமா."

"நான் யாழ்ப்பாணம். பயப்படாதேங்கோ. நான் வந்த முதல் கிழமை மூண்டுதரம் இப்பிடிப் போனனான். மூண்டாம்தரம் பிளாஸ்கில தேத்தண்ணியோட ஏறினனான்." அவர் என் பாட்டிலைப் பார்த்தார். "நல்லெண்ணெயோ? ஆருக்குத் தலைமுழுக்கு?"

"தலைக்கில்ல, கைக்கு" என்றேன். அவர் கதை முழுவதையும் கேட்டுவிட்டு, தன் ஸ்டேஷனில் இறங்காமல் என்னோடு கடைசிவரை வந்து, மறு ரயிலில் ஏற்றிவிட்டார். நன்றி சொல்ல வாய் வராமல், அந்த ரயிலுக்குக் காத்திருந்த பத்து நிமிடமும் அவருடைய தோளைப் பிடித்துவிட்டேன். நின்றே வேலை செய்கிற தோள், கல்லாக இருந்தது. "ஐயோ அண்ணை, இதை முதலே சொல்லியிருந்தால் இன்னும் ரெண்டு ஸ்டேசன் கூட்டிக்கொண்டு போயிருப்பன்" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. படம் கேட்டு வருகிற ஆளாக என் பெயரையே எழுதிக் கொடுத்திருந்தார் மாப்பிள்ளை. யாராவது ஒருவருக்குக் காட்டித்தானே ஆக வேண்டும், தெரிந்த முகமாக இருந்தால் நடுக்கம் குறையும் என்பது அவர் கணக்கு. தலைவியம்மாளும் சம்மதித்திருந்தார். வீட்டில் இரண்டு முறையும் அங்கே போய் ஒரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். முப்பது வருட எண்ணெய் சோப்புக்கெல்லாம் அசையாது.

அந்த அறை எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தைவிட நீளம். வெளிச்சம் உயரத்திலிருந்து விழுகிறது. பேனா கூடாது, பென்சில்தான். வருகைப் புத்தகத்தில் வேலாயுதம் என்று தமிழில் எழுதினேன். முன்னும் பின்னும் ஆங்கிலம், நடுவில் என் பெயர், பொடி நடையாக. தலைவியம்மாள் உயரமான பெண்மணி, நரைத்த முடி. தன் மேசையில் எதையோ படிப்பதுபோல உட்கார்ந்திருந்தார். பக்கத்தைப் புரட்டவே இல்லை.

மாப்பிள்ளை பெட்டியைக் கொண்டுவந்தார். முழங்கையை உடம்போடு ஒட்டியிருந்தார். பெட்டி மேசையில் சத்தமில்லாமல் இறங்கியது. மூடியைத் திறந்தார். முதல் படத்தைக் காட்டித் திருப்பினார். சரி. இரண்டாவது படத்தில் விரல்நுனி லேசாக நடுங்கியதை நான் பார்த்தேன். அந்த அம்மாளும் பார்த்தார். மூன்றாவதில் நடுக்கம் மணிக்கட்டுக்கு ஏறியது. மாப்பிள்ளையின் முகத்தில் வேர்வை. பயம் திரும்பி வந்து தன் பழைய இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. அந்த இடத்தில் நான் அவர் கையைப் பிடிக்கவும் முடியாது.

நாலாவது படம் வந்தது. யாத்திரைக்காரர்கள். இடுப்புத் துணியோடு அருவிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவன் தலையைக் குனிந்து, தோளை விட்டுக்கொடுத்து, இரண்டு கையையும் கூப்பி நின்றான். அப்படியே எங்கள் பேரருவி. உடம்பு இறுகி முடிந்து, விட்டுவிட்ட அந்த நொடியை யாரோ செதுக்கி, யாரோ தேய்த்து வைத்திருந்தார்கள். நீலம் அவ்வளவு நீலம். தண்ணீர் சத்தம் எனக்குக் கேட்டது.

என் கை எழுந்தது எனக்குத் தெரியாது.

சட்டென்று மணிக்கட்டில் ஒரு பிடி விழுந்தது. இரும்புப் பிடி. என் விரல்நுனிக்கும் அந்தத் தண்ணீருக்கும் நடுவே ஒரு விரற்கடைதான் இருந்தது. பிடித்திருந்தது மாப்பிள்ளையின் வலது கை. ஐந்து விரலும் பதிந்திருந்தன, கட்டைவிரல் எங்கே அழுத்த வேண்டுமோ அங்கே அழுத்தியிருந்தது. மூன்று வாரமாக நான் தேடிக்கொண்டிருந்த பிடி அது. கொஞ்சம்கூட நடுக்கம் இல்லை.

அவர் என் கையைப் பார்க்கவில்லை, தன் கையைப் பார்த்தார். பிறகு மெதுவாக விட்டார்.

நாற்காலி நகர்ந்தது. அந்த அம்மாள் எழுந்து வந்தார். முடிந்தது, என்னால்தான் முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அவர் என்னைத் திட்டவில்லை. மாப்பிள்ளையிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். இவர் சொன்னார். மறுபடி கேட்டார், இவர் மறுபடி சொன்னார். அவர்கள் பேசியதை வெளியே வந்தபிறகு மாப்பிள்ளை எனக்குத் தமிழில் சொன்னார்.

"ஏன் தொடப் போனார்?"

"எங்கள் ஊர்களில் கும்பிடுகிற பொருளைத் தொட்டுக் கண்ணில் வைத்துக்கொள்வார்கள்."

"அவருக்கு என்ன தொழில்?"

"தேய்ப்பது. அருவிக்கரையில்."

அந்த அம்மாள் என் கைகளைக் கொஞ்சநேரம் பார்த்தாராம். "அப்படியானால் அவருக்கு இதன் முதுகைக் காட்டுங்கள். கைகள் மட்டும் மடியில் இருக்கட்டும்" என்றாராம்.

மாப்பிள்ளை அந்தப் படத்தை அட்டையிலிருந்து நிமிர்த்தித் தாளின் பின்பக்கத்தைக் காட்டினார். அப்போதும் கை நடுங்கவில்லை. பின்பக்கத்தில் சாயம் மங்கலாக ஊறியிருந்தது. அதற்குமேல் வட்டம் வட்டமாகத் தடங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. எங்கே தண்ணீர் விழுகிறதோ அங்கே தேய்த்தவன் அழுத்தத்தைக் குறைத்திருந்தான். பாறையில் கூட்டியிருந்தான். இடது ஓரத்தில் கொஞ்சம் களைத்திருந்தான். அவன் பெயர் வேண்டாம் எனக்கு. ஆளைத் தெரிந்துகொண்டேன். கையை மடியில் கோத்துக்கொண்டு, தலையை மட்டும் குனிந்தேன்.

மீதிப் படங்களையும் அவர் வரிசையாகத் திருப்பிக் காட்டி, பெட்டியை மூடித் தூக்கிக்கொண்டு போனார். திங்கட்கிழமை முதல் வேலைக்கு வரலாம் என்று அன்றே சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் செண்பகம் இட்லி வைத்தாள். மாப்பிள்ளை வலது கையால் இட்லியைப் பிட்டார். அவள் சட்டினி எடுக்கப் போகிறவள்போல அடுப்படிக்குள் போய்விட்டாள்.

இதையெல்லாம் எழுத வேண்டும் என்று மூன்று வருடமாக நினைத்துக் கைகூடவில்லை. போன வாரம் சீசனுக்கு இருவரும் குற்றாலம் வந்தார்கள். பேரருவியில் தண்ணீர் அளவாக விழுந்துகொண்டிருந்தது. நானே எண்ணெய் தேய்த்து அவரைக் கூட்டிப்போனேன். உள்ளே கால் வைக்கும்போது பயத்தில் என் மணிக்கட்டைப் பிடித்தார். அதே பிடி. முதல் அடி தலையில் விழுந்ததும் இறுகினார். கொஞ்சநேரத்தில் தோள் இறங்கியது, தலை குனிந்தது, பிடி தானாக விட்டது. அந்தப் படத்தில் நிற்கிறவனைப் போலவே நின்றார்.

வெளியே வரும் வழியில், பாறையில் செதுக்கியிருக்கும் சிவலிங்கங்களைப் பார்த்து நின்றுவிட்டார். தண்ணீர் அவற்றின்மேல் வழிந்துகொண்டிருந்தது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அருவிச் சத்தத்தில் எனக்குக் கேட்பதற்காகக் கத்தினார்.

"மச்சான், இங்க தொடலாமா?"

"தொடுங்க மாப்பிள்ளை! அதுக்குத்தான இருக்கு!" என்று நானும் கத்தினேன். நான் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பரவாயில்லை.

வலது கையை நீட்டி, விரல் ஐந்தும் பாறையில் படியத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

குற்றாலம்,
14-7-1996, ஞாயிற்றுக்கிழமை.